ஆடு முக்குகிறது, உள்ளே கை விடலாமா?

வாசகர் கேள்வி: எங்களிடம் 26 பெண் செம்மறி ஆடுகள் இருக்கின்றன. ஆடு வளர்க்க ஆரம்பித்து இது இரண்டாவது வருடம். போன ஈற்றில் 34 குட்டிகள் பிறந்தன. அதில் 7 செத்துவிட்டன. இரண்டு பிறக்கும்போதே போய்விட்டன. அதில் ஒன்று தலை மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். மற்ற ஐந்தும் நன்றாகத்தான் பிறந்தன. இரண்டு மூன்று நாளுக்குள், காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றாக விறைத்துக் கிடந்தன. இன்னும் ஆறு வாரத்தில் இந்த வருடத்து ஈற்று ஆரம்பிக்கும். ஆடு முக்கும்போது எவ்வளவு நேரம் பொறுக்கலாம், எப்போது கை விட வேண்டும், கை விட்டால் உள்ளே எதைத் தேட வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லுங்கள். போன முறை என் மனைவிதான் டார்ச் பிடித்தாள், குட்டிகளைத் துடைத்துவிட்டாள். இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். ராத்திரி முழுக்க விழிக்க வைக்க யோசனையாக இருக்கிறது.

பதில்: கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஈற்று முடியும்வரை உங்கள் மனைவி பட்டிப் பக்கமே வரக் கூடாது. தூக்கம் கெடுமே என்பதற்காகச் சொல்லவில்லை. குட்டி போடும் ஆட்டின் பனிக்குட நீரிலும் நஞ்சுக்கொடியிலும், ஈரம் காயாத குட்டியின் உடம்பிலும் கருவைக் கலைக்கக்கூடிய கிருமிகள் இருக்கலாம். கிளமிடியா, டாக்ஸோபிளாஸ்மா, லிஸ்டீரியா, க்யூ காய்ச்சல் கிருமி என்று பல உண்டு. ஆடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து, சில சமயம் தாய்க்கும் ஆபத்து. அதனால் குட்டியைத் துடைப்பது, சீம்பால் கறப்பது, நஞ்சை எடுத்துப் போடுவது, படுக்கை வைக்கோலை அள்ளுவது எதுவும் அவருக்கு வேண்டாம். நீங்கள் பட்டியில் போட்டிருந்த சட்டையையும் செருப்பையும்கூட அவர் தொட வேண்டாம். அங்கேயே கழற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போங்கள். துணியை நீங்களே துவையுங்கள். குளிர்ந்துபோன குட்டியைச் சமையலறைக்குக் கொண்டுவரும் பழக்கம் இருந்தால் இந்த வருடம் அதற்கு வேறு இடம் பாருங்கள். அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம், வீட்டில் ஆடு இருக்கிறது, குட்டி போடப் போகிறது என்று இப்போதே சொல்லி வையுங்கள். இடையில் காய்ச்சல், உடம்புவலி என்று வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். டார்ச் பிடிக்க ஆள் தேட வேண்டியதில்லை. நெற்றியில் மாட்டுகிற விளக்கு ஒன்று போதும், இரண்டு கையும் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

சரி, ஆட்டுக்கு வருவோம். உங்கள் கணக்கையே இன்னொரு தடவை படியுங்கள். செத்தது ஏழு. பிறக்கும்போது போனது இரண்டு; நன்றாகப் பிறந்து அப்புறம் போனது ஐந்து. கேள்வி முழுக்க அந்த இரண்டைப் பற்றியே இருக்கிறது, ஐந்தைப் பற்றி ஒரு வரிதான். எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இப்படித்தான் வருகின்றன. ஆடு முக்குவது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, மனதைப் பிசைகிறது. பசித்த குட்டி சத்தமில்லாமல் மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கை விடுவதைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இந்த வருடம் நீங்கள் அதிகம் காப்பாற்றப் போவது ஆட்டுக்குள் கை விட்டு அல்ல, குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து.

இன்னும் ஆறு வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். செம்மறிக்குச் சினைக்காலம் சராசரி 147 நாள், முன்னே பின்னே ஐந்து நாள். பிறக்கும்போது குட்டிக்கு இருக்கும் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. அதே சமயம் குட்டி பெரிதாகப் பெரிதாக வயிற்றில் தீவனத்துக்கு இடம் குறைகிறது. கொஞ்சமாகத் தின்றாலும் சத்து சேரும்படி அடர் தீவனத்தை இப்போதிருந்து வாரத்துக்கு வாரம் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு கெடும். முதுகெலும்பின் மேல் கை வைத்துப் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி குத்தினால் ஆடு இளைத்திருக்கிறது. எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால் கொழுத்திருக்கிறது. இரண்டுமே இந்த நேரத்தில் ஆபத்து. முக்கியமாக, வயிற்றில் இரட்டைக்குட்டி இருக்கும் ஆட்டுக்கு.

தீவனம் வைக்கும்போது எல்லா ஆடும் ஒரே நேரத்தில் தலை நீட்டித் தின்கிற அளவுக்குத் தொட்டி நீளமாக இருக்கட்டும். அது தீவனத்துக்காக மட்டுமில்லை. எது வரவில்லை என்று பார்க்கத்தான். மற்றவை முண்டியடிக்கும்போது ஒன்று மட்டும் தள்ளி நின்றால், தலையைத் தொங்கப் போட்டால், கண் தெரியாதது போல் வேலியில் முட்டினால், பல்லை நறநறவென்று கடித்தால் அது இரட்டைக்குட்டி நோயாக இருக்கலாம். வயிற்றுக் குட்டிகளுக்குச் சத்து போதாமல் தாய் தன் கொழுப்பைக் கரைக்கிறது. அந்தக் கழிவு ரத்தத்தில் சேர்ந்து தாயையே மயக்குகிறது. வாயில் நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தின் வாடை அடிக்கும், சிலரது மூக்குக்குத்தான் தெரியும். அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். படுத்த பிறகு கூப்பிட்டால் பெரும்பாலும் பயனில்லை. சுண்ணாம்புச் சத்துக் குறைவும் இதே மாதிரிதான் ஆட்டைப் படுக்க வைக்கும். அதற்கு ஊசி போட்டால் சீக்கிரமே எழுந்து நிற்கும். எது எது என்று வீட்டில் உட்கார்ந்து ஊகிக்காதீர்கள்.

துள்ளுமாரி, டெட்டனஸ் தடுப்பூசி போடும் நேரமும் இதுதான், குட்டி போட நான்கு முதல் ஆறு வாரம் முன்பு. முன்பே முழுதாகப் போட்டிருந்தால் ஒரு ஊசி போதும். போட்டதே இல்லையென்றால் இரண்டு தடவை போட வேண்டும். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஊசி தாய்க்குத்தான் என்றாலும் பலன் குட்டிக்கு. மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்பு கருப்பையிலேயே கொஞ்சம் கிடைத்துவிடுகிறது. செம்மறியின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. குட்டி வெறுங்கையோடுதான் பூமிக்கு வருகிறது; அதற்குக் கிடைக்க வேண்டியது முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. இதை மறக்காதீர்கள், கீழே மறுபடியும் வரும்.

இப்போது நீங்கள் கேட்டது.

மடி விட்டு, காம்பு புடைத்து, இடுப்பெலும்புக்கு முன்னால் இரண்டு பக்கமும் குழி விழுந்தால் நாள் நெருங்கிவிட்டது. அப்புறம் ஆடு மந்தையை விட்டு விலகும். காலால் தரையைச் சுரண்டும், படுக்கும், எழும், தன் வயிற்றையே திரும்பிப் பார்க்கும், மேல் உதட்டைச் சுருட்டும். உள்ளே கருப்பை வாய் திறந்துகொண்டிருக்கிறது. இதற்கு இரண்டிலிருந்து ஆறு மணி நேரம் ஆகலாம். முதல் முறை குட்டி போடும் தலையீத்து ஆட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. இந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை, தள்ளி நிற்பது. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் ஆடு பயந்து நிறுத்திக்கொள்ளும். கை விட்டால் திறக்காத வாயைக் கிழிப்பீர்கள், கிருமியையும் உள்ளே கொண்டுபோவீர்கள்.

பனிக்குடம் எட்டிப் பார்த்து, ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாக முக்க ஆரம்பித்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். மனதில் ஓடும் கடிகாரத்தை நம்பாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியும், உட்கார்ந்தபடியே கண் அசந்தால் ஒரு மணி நேரம் பத்து நிமிடமாகத் தெரியும். குளம்பு தெரிகிறது, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வருகிறது என்றால் விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் பலமாக முக்கியும் எதுவும் நகரவில்லை என்றால் கையைக் கழுவுங்கள். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் ஒன்றுமே வெளியே தெரியவில்லை, ஆடும் சரியாக முக்கவில்லை என்றாலும் அப்படித்தான். காத்திருக்கவே கூடாத சில உண்டு: தலை மட்டும், வால் மட்டும், முழங்கால் வரை வந்தும் தலை வராத இரண்டு கால், ஒரே ஒரு காலோடு தலை. இவற்றுக்குக் கடிகாரம் தேவையில்லை. உங்கள் போன வருடத்துக் குட்டி இதில் முதல் வகை.

சரியாக வரும் குட்டி கிணற்றில் தலைகீழாகக் குதிக்கிற பையன் மாதிரி வரும்: முன்னங்கால் இரண்டும் நீட்டி, முழங்காலின் மேல் மூக்கை வைத்துக்கொண்டு. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான்.

நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரம் கடிகாரம் கழற்றி, ஆட்டின் பின்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, முழங்கை வரை வரும் கையுறை போட்டு, வழவழப்புக்கான ஜெல்லைத் தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள். போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு பங்கு. விரல்களைக் குவித்து, ஆடு முக்காத நேரம் பார்த்து மெதுவாக. முதல் தடவை கை விடுகிறவர்களுக்கு ஒன்றுமே புரியாது. சூடான ஈரத் துணி மூட்டைக்குள் எலும்பு எலும்பாகத் தட்டுப்படும். பதற வேண்டாம், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் இன்னும் மூடிக்கொள்கிறேன். கிடைத்த காலைப் பிடித்துக் குளம்பிலிருந்து மேலே இரண்டு மூட்டைத் தடவுங்கள். இரண்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால். ஒன்று ஒரு பக்கமும் அடுத்தது எதிர்ப்பக்கமும் மடங்கி, மேல் மூட்டு முனையாகக் குத்தினால் பின்னங்கால். இது ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, கால் யாருடையது என்பது. ஒரு முறை என்னைக் கூப்பிட்டவர் இரண்டு முன்னங்கால் வெளியே தெரிகிறது, ஆள் வைத்து இழுத்தும் வரவில்லை என்றார். உள்ளே விரலை ஒரு காலின் வழியாக மேலே கொண்டுபோனேன். தோள், கழுத்து, தலை வந்தது. அடுத்த காலின் வழியாகப் போனால் வேறொரு மார்பில் போய் முட்டியது. இரண்டு குட்டிக்கு ஒவ்வொரு கால். அவர்கள் அரை மணி நேரமாக இரண்டு குட்டியையும் ஒரே வாசலில் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒன்றை உள்ளே தள்ளி, மற்றதன் இன்னொரு காலைத் தேடி எடுத்ததும் இரண்டும் அடுத்தடுத்து வழுக்கிக்கொண்டு வந்தன. அதனால் எந்தக் காலை இழுப்பதற்கு முன்னாலும் அதன் வழியே உடம்பு வரை போய், அந்த உடம்பிலிருந்து மறு காலுக்கு வந்து, தலையும் அதே கழுத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

தலை மட்டும் வந்து கால்கள் பின்னால் மடங்கியிருந்தால் தலை பூசணி மாதிரி வீங்கும், நாக்கு நீலமாகத் தொங்கும். செத்துவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். நாக்கைக் கிள்ளினால் இழுத்துக்கொள்கிறதா பாருங்கள்; பல குட்டிகள் அந்தக் கோலத்திலும் பிழைக்கின்றன, வீக்கம் ஓரிரு நாளில் வடிந்துவிடும். தலையைச் சுற்றி ஜெல் பூசி, ஆடு முக்காத நேரத்தில் தலையை மெல்ல உள்ளே தள்ளி இடம் உண்டாக்குங்கள். தோளிலிருந்து முழங்கை, முழங்கால் என்று இறங்கி, குளம்பைப் பிடித்ததும் அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு வெளியே கொண்டுவாருங்கள். குளம்பின் முனை கருப்பையைக் கிழிக்காமல் இருக்க இது முக்கியம். தலையை உள்ளே தள்ளக் கையில் தைரியம் வரவில்லை என்றால், தலையைப் பிடித்து இழுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கால்கள் வந்து தலை பின்னால் திரும்பியிருப்பதுதான் எனக்கே பிடிக்காத வேலை. கால்களை இழுக்க இழுக்கத் தலை இன்னும் பின்னால் போகும். கால்களில் மெல்லிய கயிறு கட்டி வெளியே விட்டுக்கொண்டு, குட்டியை உள்ளே தள்ளி, கழுத்தைப் பின்பற்றித் தலையைத் தேடித் திருப்ப வேண்டும். பின்னங்கால் இரண்டும் முதலில் வந்தால் திருப்ப முயல வேண்டாம், அப்படியே எடுக்கலாம். ஆனால் இடுப்பு வெளியே வந்ததும் தாமதிக்கக் கூடாது. தலை உள்ளே இருக்கும்போதே தொப்புள்கொடி நசுங்கிவிடும், குட்டி அங்கேயே மூச்சு இழுக்கப் பார்க்கும். வால் மட்டும் தட்டுப்படுகிற குட்டி ஏமாற்றும்: வாசலை எதுவும் அடைக்காததால் ஆடு பலமாக முக்காது, சோர்ந்து நிற்கும், நாமும் இன்னும் நேரமாகவில்லை என்று நினைப்போம். ஒரு மணி நேரக் கணக்கு சொன்னது இதற்காகத்தான். எதுவானாலும் இழுப்பது ஆடு முக்கும்போது மட்டும், அதுவும் தரையை நோக்கி வளைவாக. பதினைந்து இருபது நிமிடம் முயன்றும் முன்னேற்றம் இல்லை, அல்லது கருப்பை வாய் விரல் நுழையாத அளவுக்கு இறுகியிருக்கிறது என்றால் விட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். குட்டி வந்த பிறகு இன்னொன்று இருக்கிறதா என்று மறுபடி ஒரு தடவை பாருங்கள். கை விட்ட ஆட்டுக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதை முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். நஞ்சு சாதாரணமாக இரண்டு மூன்று மணி நேரத்தில் தானாக விழும். தொங்குகிறதே என்று இழுக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதெல்லாம் 26 ஆட்டில் மிகச் சிலவற்றுக்குத்தான் தேவைப்படும். மற்றவை நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் போட்டுவிட்டு நக்கிக்கொண்டு நிற்கும்.

இப்போது அந்த ஐந்து. குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் இருக்கும் சவ்வை வழித்துவிடுங்கள். மூச்சு வரவில்லை என்றால் வைக்கோல் துரும்பை மூக்கில் விட்டுத் தும்ம வையுங்கள், விலாவை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். காலைப் பிடித்துச் சுழற்றும் பழைய வழக்கம் வேண்டாம். அப்புறம் குட்டியைத் தூக்கித் தாயின் மூக்குக்கு நேராக வைத்துவிட்டு விலகுங்கள். போன முறை மனைவி துடைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல மனதோடு செய்ததுதான், ஆனால் நக்குவதில்தான் தாய் தன் குட்டியின் வாசனையைப் படிக்கிறது. நாம் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தால், அதிலும் தலையீத்து ஆடு, இது யார் வீட்டுக் குட்டி என்று முட்டித் தள்ளும். குளிர் கடுமையாக இருந்தாலோ தாய் நக்கவே வரவில்லை என்றாலோ மட்டும் நாம் துடைக்கலாம். தொப்புள்கொடியைத் தானாக அறுபட விட்டு, வயிற்றை ஒட்டிய இடம்வரை டிங்சர் அயோடினில் முக்குங்கள். சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. ஈரமான தொப்புள் வழியாகப் போகும் கிருமிதான் இரண்டு வாரம் கழித்து மூட்டு வீங்கி நொண்டும் குட்டியாக வந்து நிற்கும்.

தாயையும் குட்டியையும் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் தடுப்புக்குள், காய்ந்த படுக்கையில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். காம்புகளை ஒவ்வொன்றாகப் பீய்ச்சிப் பாருங்கள். நுனியில் மெழுகு போல ஒன்று அடைத்திருக்கும். பலமில்லாத குட்டியால் அதை இழுக்க முடியாது. தாய் நிற்கிறது, குட்டி மடியில் முட்டுகிறது, வால் ஆடுகிறது, குட்டி பால் குடிக்கிறது என்று நாமும் நம்பிப் படுக்கப் போய்விடுவோம். உள்ளே ஒரு சொட்டும் போயிருக்காது. உங்கள் ஐந்தில் எத்தனை அப்படிப் போயிற்றோ.

பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 50 மில்லி சீம்பால் உள்ளே போக வேண்டும். முதல் ஒரு நாளில் கிலோவுக்கு 200 மில்லி. மூன்று கிலோ குட்டிக்கு முதல் ஊட்டில் 150, நாள் முழுவதும் 600. நேரமாக ஆக, குடல் அந்த எதிர்ப்புச் சத்தை ரத்தத்துக்குள் விடும் வழியை அடைத்துக்கொண்டே வருகிறது. ஒரு நாள் முடிந்த பிறகு கொடுத்தால் அது வெறும் பால்தான். எவ்வளவு போனது என்று எப்படித் தெரியும்? குட்டியின் முன்னங்கால்களுக்குப் பின்னால் ஒரு கையால் தாங்கித் தூக்கி, மறு கை விரல்களை விலாவுக்குப் பின்னால் வயிற்றில் வையுங்கள். குடித்த வயிறு தண்ணீர் பாதி நிரம்பிய பலூன் மாதிரி மெத்தென்று உருளும். குடிக்காத வயிறு ஒட்டி, விரல்கள் இரண்டு பக்கமிருந்தும் ஒன்றையொன்று தொட்டுவிடும் போல இருக்கும். அப்படியே சுண்டுவிரலை வாய்க்குள் விடுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து சப்பினால் நல்லது. வாய் சில்லென்று இருந்தால் மற்ற வேலையைப் போட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை எடுங்கள். முதுகைக் கூனிக்கொண்டு, நான்கு காலையும் சேர்த்துவைத்து நிற்கிற குட்டிக்கும் இதேதான்.

ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 39 முதல் 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 37க்கும் 39க்கும் நடுவில் என்றால் ஈரத்தைத் துடைத்து, குழாய் வழியாகச் சீம்பால் கொடுத்து, கதகதப்பாக வைத்தால் தேறிவிடும். 37க்குக் கீழே போனால் குட்டிக்கு வயது என்ன என்று பார்க்க வேண்டும். பிறக்கும்போது உடம்பில் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துக்கொண்டு சுமார் ஐந்து மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஐந்து மணி நேரத்துக்குள் என்றால் துடைத்துச் சூடேற்றி, 37ஐத் தாண்டியதும் பால் கொடுக்கலாம். அதைத் தாண்டிய குட்டியிடம் சர்க்கரை தீர்ந்திருக்கும்.

இதை நான் கற்றது ஒரு குட்டியைக் கொன்று. வேலைக்கு வந்த முதல் வருடம், பிறந்து ஒரு நாள் ஆன குட்டி, விறைத்துப்போய்த் தலை தொங்கியபடி கொண்டுவந்தார்கள். சூடு காட்டினால் போதும் என்று ஹீட்டருக்கு முன்னால் வைத்தேன். இருபது நிமிடத்தில் காலை அசைத்தது, தலையைத் தூக்கியது. கொண்டுவந்த அம்மாவின் முகமும் மலர்ந்தது. அடுத்த நிமிடம் கழுத்து பின்னால் வளைந்து வலிப்பு வந்தது, போய்விட்டது. சூடேறியதும் மூளை விழித்துக்கொண்டு சர்க்கரை கேட்டிருக்கிறது, ரத்தத்தில் இல்லை. அந்த வயதுக் குட்டிக்கு முதலில் வெதுவெதுப்பான குளுக்கோஸை வயிற்றுக்குள் ஊசியாகப் போட்டுவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும். அந்த ஊசியைக் கடிதத்தில் கற்றுக்கொடுக்க மாட்டேன். இந்த ஆறு வாரத்துக்குள் உங்கள் மருத்துவரிடம் நேரில் செய்துகாட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

குழாயில் பால் கொடுப்பதையும் அதே நாளில் பழகுங்கள். மூக்கிலிருந்து கடைசி விலா எலும்புவரை குழாயை அளந்து அடையாளம் வைத்து, குட்டியை மடியில் உட்கார வைத்து, வாயின் ஓரமாக விட வேண்டும். மெல்லுவதும் விழுங்குவதும் தெரியும். இருமினால், திமிறினால் வெளியே எடுத்துவிடுங்கள். தலையைத் தூக்க முடியாத குட்டிக்குக் குழாயும் வேண்டாம், புட்டியும் வேண்டாம்; பால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரே குட்டி போட்ட, மடி பெருத்த ஆட்டிடமிருந்து கொஞ்சம் சீம்பால் கறந்து, சின்னச் சின்னப் பைகளில் ஃப்ரீசரில் வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத்தான் உருக்க வேண்டும். கொதிக்க வைத்தால் அதிலிருக்கும் எதிர்ப்புச் சத்து முறிந்துவிடும். பையையும் ஃப்ரீசரையும் நீங்கள் மட்டும் தொடுங்கள், சமையலறை ஃப்ரீசர் வேண்டாம்.

ஒன்றிரண்டு நாள் குட்டிக்கு வாயில் எச்சில் ஒழுகி, வயிறு உப்பி, பால் குடிக்காமல் நின்றால் அது சீம்பால் தாமதமானதும் படுக்கை அசுத்தமானதும் சேர்ந்து செய்த வேலை. காலையில் பார்த்தால் மதியமே மருத்துவர் வேண்டும். ஒரு ஆடு நாள் ஆகாமல் குட்டியைப் போட்டுவிட்டால் அதைத் தனியே பிரித்து, குட்டியையும் நஞ்சையும் கையுறையோடு எடுத்து மூடி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டு நிலைமைக்கு, இரண்டாவது ஆடு போடட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ராத்திரி முழுக்க விழிக்கவும் தேவையில்லை. பதினொரு மணிக்கு ஒரு சுற்று, மூன்று மணிக்கு ஒரு சுற்று, விடிந்ததும் ஒரு சுற்று. ஏதாவது ஒன்று ஆரம்பித்திருந்தால் மட்டும் உட்காருங்கள். அந்த மூன்று சுற்றிலும் முந்தின நாள் பிறந்த ஒவ்வொரு குட்டியின் வயிற்றையும் தொட்டுவிட்டு வாருங்கள், தூங்குகிறது என்று விட்டுவிடாமல். எழுப்பினால் சோம்பல் முறித்துவிட்டு நேராக மடிக்குப் போகிற குட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உங்கள் மனைவிக்கும் ஒரு வேலை இருக்கிறது, வீட்டுக்குள் இருந்தபடியே. ஒரு நோட்டுப் புத்தகம். எந்த ஆடு, எத்தனை மணிக்குப் பனிக்குடம் தெரிந்தது, குட்டி எப்போது எழுந்தது, எப்போது பால் குடித்தது, வயிறு நிரம்பியிருந்ததா என்று நீங்கள் பட்டியிலிருந்து போனில் சொல்லச் சொல்ல அவர் எழுதட்டும். குட்டி செத்தாலும் நேரத்தோடு எழுதுங்கள். ஈற்று முடிந்ததும் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள்.